அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு ஓர் ஆடிட்டர்: மேற்கு மாம்பலம் அலுவலகம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

மேற்கு மாம்பலத்தில் மூன்றாம் மாடியில் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திடம் 2025 மார்ச் மாதம் எங்கள் பட்டறையின் கணக்கை ஒப்படைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அவர்கள் செய்த வேலையைப் பற்றியும், அவர்களிடம் போய்ச் சேருவதற்கு முன் நான் கொடுத்த விலையைப் பற்றியும் எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. பட்டயக் கணக்காளர்கள் விளம்பரத்தின் வழியாக வாடிக்கையாளரைத் தேடுவதற்கு அவர்களுடைய தொழில்விதிகளில் கட்டுப்பாடு உண்டு என்பதால், தம் பெயர் இப்படிப் பொதுவில் வருவதை அந்த ஆடிட்டர் விரும்பவில்லை. பெயர் இல்லாவிட்டாலும், எதைப் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்பது என்னைப்போலச் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எங்களுடையது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள அட்டைப்பெட்டிப் பட்டறை. அப்பா தொடங்கியது, இப்போது நான் நடத்துகிறேன். கோவைப் பக்கத்து ஆலைகளிலிருந்து கிராஃப்ட் பேப்பர் ரீல்களை வாங்கி, மூன்று பிளை (அடுக்கு), ஐந்து பிளைப் பெட்டிகளாகச் செய்து, சுற்றுவட்டாரத்தில் உள்ள உதிரிபாக நிறுவனங்களுக்கும் இரண்டு மசாலா நிறுவனங்களுக்கும் கொடுக்கிறோம். 11 பேர் வேலை செய்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் அப்போது ஒன்றரைக் கோடி ரூபாய் அளவில் இருந்தது. பெட்டித் தொழிலில் லாபம் மெல்லியது என்பதால் ஒரு மாத வரிக்கணக்கில் நேரும் தவறு அந்த மாத லாபத்தை முழுவதுமாகத் தின்றுவிடும். இதை அறிந்திருந்தும் எட்டு ஆண்டுகள் நான் கணக்கைப் பாராமுகமாக விட்டிருந்தேன்.

முன்பு எங்கள் கணக்கைப் பார்த்தவர் ஒரு வரி ஆலோசகர். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது எங்களுக்குப் பதிவு எடுத்துக் கொடுத்தவரும் அவரே. மாதம் 2,000 ரூபாய் வாங்கினார். மாத முடிவில் பையன் ஒருவன் வந்து பில் கட்டை எடுத்துச் செல்வான், 20-ஆம் தேதிவாக்கில் கட்டவேண்டிய தொகை மட்டும் செய்தியாக வரும், நான் கட்டுவேன். பதிவு எடுத்த நாளில் கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி என்று கேட்ட இடங்களில் அவர் தம்முடையவற்றையே நிரப்பியிருக்கிறார். எனக்குத் தொந்தரவு இருக்கக்கூடாது என்று அப்படிச் செய்ததாகப் பின்னாளில் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் அந்த இரண்டு கட்டங்களில் என் எண்ணும் என் முகவரியும் இல்லாமல் போனதால், வரித்துறை எங்களுக்கு அனுப்பிய எந்தக் கடிதமும் எங்களை வந்தடையவில்லை.

2023 மே, ஜூன் மாதங்களில் ஒரு புதிய சப்ளையரிடம் 12 லட்சம் ரூபாய்க்குப் பேப்பர் வாங்கியிருந்தோம். அன்றைய 12 சதவீத விகிதத்தில் வரி 1,44,000 ரூபாய். பில்லில் வரி இருந்தது, நாங்கள் முழுப்பணமும் கொடுத்துவிட்டோம், ஆலோசகரும் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டார், அதாவது நாங்கள் கட்டவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொண்டார். அந்தச் சப்ளையரோ தம் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்யவே இல்லை. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தாக்கல் செய்து, அது, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களைப் பட்டியலிடும் நம்முடைய 2பி அறிக்கையில் ஏறினால்தான் நமக்கு அந்த வரவு உண்டு. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகிவிடும் அந்த அறிக்கையைத் திறந்து, கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒத்துப் பார்த்திருந்தால் ஜூன் மாத நடுவிலேயே விஷயம் தெரிந்திருக்கும். ஜூன் மாதத்துப் பணத்தையாவது நான் நிறுத்தி வைத்திருப்பேன். பார்க்கவில்லை. 2024 ஆகஸ்டில் துறை விளக்கம் கேட்டது. பதில் சொல்ல 30 நாள் அவகாசம் இருந்தது. அடுத்து முறையான நோட்டீஸ் வந்தது. அது வந்த 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டியிருந்தால் அபராதம் கிடையாது. அதுவும் கடந்து, ஆணையும் பிறப்பிக்கப்பட்டது. வரி 1,44,000, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் இருபது மாதத்துக்கு 43,200, பத்து சதவீத அபராதம் 14,400. ஆக மொத்தம் 2,01,600 ரூபாய்.

இதை நான் அறிந்தது வங்கியில். தொழில் நடத்த வாங்கும் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் வரம்பைப் புதுப்பிக்கப் போயிருந்தபோது, மேலாளர் ரிட்டர்ன் நகல்களையும் பேலன்ஸ் ஷீட்டையும் கேட்டார். எங்களிடம் பேலன்ஸ் ஷீட் என்ற ஒன்றே இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ரிட்டர்ன் நகலை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி வலைதளத்தைத் திறந்தால், கடவுச்சொல் தெரியாது. மாற்றலாம் என்றால் ஓடிபி ஆலோசகரின் கைப்பேசிக்குப் போனது. அவர் அன்று ஊரில் இல்லை. மறுநாள் தொலைபேசியில் எண்ணை வாங்கி உள்ளே நுழைந்தபோது ஆணை அங்கே கிடந்தது.

ஆலோசகரை விட்டு விலகுவதென்று முடிவெடுத்ததும் முதலில் செய்தது, எங்கள் வட்டத்துக்குரிய வணிகவரி அலுவலகத்துக்கு நேரில் போனது. ஆதார், பான், இடத்துக்கான ஒப்பந்தம், எழுத்துமூலமான வேண்டுகோள் ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவில் உள்ள எண்ணையும் மின்னஞ்சலையும் அவர்களே மாற்றித் தருகிறார்கள். பழைய ஆலோசகரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. இதே நிலையில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிபி தம்மிடம் இல்லை என்ற அச்சத்தாலேயே பலர் பிடிக்காத இடத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள்.

பிறகு மூன்று பேரைப் பார்த்தேன். முதலாமவர் விற்றுமுதல் எவ்வளவு என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு மாதம் 1,500 ரூபாய் என்றார். என்ன செய்கிறோம், யாரிடம் வாங்குகிறோம், யாருக்கு விற்கிறோம் என்று எதுவும் கேட்கவில்லை. இரண்டாமவர் நன்றாகப் பேசினார்; எவ்வளவு வரியைக் குறைத்துக் காட்டுகிறாரோ அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுத்தால் போதும் என்றார். பட்டயக் கணக்காளர் ஒருவர் லாபத்தில் சதவீதமாகவோ, கிடைக்கும் பலனைப் பொறுத்தோ கட்டணம் பேசுவதை அவர்களுடைய தொழில்விதி பொதுவாகத் தடுக்கிறது. விதி இருக்கட்டும்; வரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தம் வருமானம் கூடும் என்ற நிலையில் இருப்பவர் எழுதும் கணக்கில் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லவேண்டியவள் நான். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாமவர்தான் மேற்கு மாம்பலத்துக்காரர். பக்கத்துப் பட்டறை அண்ணன் சொல்லிப் போனேன். அறுபது வயதைக் கடந்தவர். முதல் சந்திப்பு ஒன்றே கால் மணி நேரம் நீடித்தது. அதில் முக்கால் மணி நேரம் அவர் கேள்வி கேட்டார். ரீல் எந்த ஊரிலிருந்து வருகிறது, லாரி வாடகையை யார் கொடுக்கிறார்கள், கழிவு அட்டையை எடைக்குப் போடும்போது பில் போடுகிறோமா, ஆட்களுக்குச் சம்பளம் ரொக்கமா வங்கியா, இடத்துக்காரருக்கு வாடகை கொடுக்கும்போது டிடிஎஸ் என்ற வரிப் பிடித்தம் செய்ய வேண்டிய அளவுக்கு வருகிறோமா, பத்துப் பேருக்குமேல் வேலை செய்தும் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு ஏன் இல்லை. இந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் இஎஸ்ஐ சட்டம் பொருந்தும் என்று எட்டு ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தார். “பாஸ்வேர்ட நீங்களே போடுங்கம்மா, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே சென்றதும் 2பி அறிக்கையை எப்படி எடுப்பது என்று காட்டி, ஒரு மாதத்தை அச்செடுத்து, என் கொள்முதல் பில்களை அதன் பக்கத்தில் அடுக்கி, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டார். 31 பில்களில் 28-க்கு டிக் விழுந்தது. மீதி மூன்றில் ஒன்று சப்ளையர் எங்கள் பதிவு எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தது. ஒன்று இன்னொரு சப்ளையர் அடுத்த மாதத்தில் காட்டியது. ஒன்று வேறொருவர் காட்டாமலே விட்டது. மூன்று சப்ளையருக்கும் அங்கிருந்தே நான் தொலைபேசியில் பேசினேன். எட்டு ஆண்டுகளில் முதன்முறையாக எங்கள் கணக்கு என்ன என்பதை அந்த மேசையில்தான் கண்ணால் பார்த்தேன். தேர்வு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

சரிபார்க்காமலும் விடவில்லை. அவருடைய ஆறு இலக்க உறுப்பினர் எண்ணை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் வலைதளத்தில் தேடிப் பார்த்தேன். நாடாளுமன்றம் 1949-இல் இயற்றிய சட்டத்தின்கீழ் அமைந்த அந்தக் கழகத்தின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் மகாத்மா காந்தி சாலையில், வருமான வரி அலுவலகம் இருக்கும் அதே சாலையில், இருக்கிறது. ஆடிட்டர் என்ற சொல்லைச் சென்னையில் கணக்குப் பார்க்கிற எல்லோருக்கும் மரியாதையாகச் சொல்லிவிடுகிறோம். வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உண்டு. அவர் கையெழுத்திடும் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்கவேண்டும் என்பது 2019 முதல் கட்டாயம். அந்த எண்ணைக் கழகத்தின் தளத்தில் இட்டு, சான்றிதழ் உண்மையானதா என்று வங்கியும் பார்க்கலாம், நாமும் பார்க்கலாம். யாரோ ஒருவர் வேலை செய்து, வேறொருவரின் முத்திரையைக் குத்தி வாங்கித் தரும் வழக்கத்தில் சிக்காமலிருக்க இந்த ஒரு எண் போதும்.

அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்த இடம் வருமான வரி. சிறுதொழிலுக்கு, விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபம் என்று கணித்து வரி கட்டும் எளிய முறை ஒன்று உண்டு. விற்றுமுதல் 2 கோடி ரூபாய் வரை, ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்கு மிகாவிட்டால் 3 கோடி வரை, அதைப் பயன்படுத்தலாம். ரொக்க வரவுக்குக் குறைந்தது 8 சதவீதம், வங்கி வழியாக வந்த வரவுக்குக் குறைந்தது 6 சதவீதம் லாபமாகக் காட்டவேண்டும். எங்களுக்கு வரும் பணம் முழுவதும் வங்கி வழியாகவே வருகிறது. பழைய ஆலோசகர் ஆண்டுதோறும் 8 சதவீதம் காட்டியிருக்கிறார். ஒன்றரைக் கோடியில் இரண்டு சதவீதம் என்பது 3 லட்சம் ரூபாய் வருமானம். இல்லாத வருமானத்துக்கு வரி கட்டியிருக்கிறேன். திருத்திய ரிட்டர்ன் போடுவதற்கான காலமும் அந்த ஆண்டுகளுக்குக் கடந்துவிட்டிருந்தது. புதியவர் உடனே ஆறு என்று எழுதிவிடவில்லை. ஆறு என்பது தரைமட்டம், உண்மையில் அதைவிடக் கூடுதலாக லாபம் வந்திருந்தால் கூடுதலைத்தான் காட்டவேண்டும், அதற்குக் கணக்கு எழுதிப் பார்க்காமல் தெரியாது என்றார். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஓர் ஆண்டுக் கணக்கை முழுவதுமாக எழுதினார்கள். லாபம் ஆறரைச் சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தது. அதையே காட்டினோம்.

அப்போது நான், இந்த எளிய முறையே வேண்டாம், முறையாகத் தணிக்கை செய்து அறிக்கை கொடுத்துவிடலாமே, வங்கியும் மதிக்கும் என்றேன். தணிக்கை என்றால் அவருக்குத் தனிக்கட்டணம் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றார். ஒருமுறை அந்த முறையை விட்டு வெளியே வந்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பப் போக முடியாது, அந்த ஆண்டுகளில் வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கும் தணிக்கையும் கட்டாயம் ஆகும், வியாபாரம் சுருங்கும் ஆண்டிலும் அந்தச் செலவு நிற்காது என்று விளக்கினார். எளிய முறையிலேயே இருந்துகொண்டு, கணக்கை மட்டும் முழுமையாக எழுதி, வங்கிக்குப் பேலன்ஸ் ஷீட்டைத் தயாரித்து யுடிஐஎன் எண்ணோடு கொடுத்தார்கள். கடன் வரம்பு புதுப்பிக்கப்பட்டது. தமக்கு வரவேண்டிய கட்டணத்தைத் தாமே வேண்டாமென்ற ஒருவரிடம் அதற்குமேல் நான் எதைச் சோதிப்பது?

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விகிதங்களை மாற்றியது. மறுநாள் காலை ஒன்பதரைக்கே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “அம்மா, இருவத்திரண்டாம் தேதியிலேர்ந்து பெட்டிக்கு அஞ்சு, பேப்பருக்குப் பதினெட்டு. ரெண்டும் பன்னெண்டா இருந்தது இப்படி ஆயிடுச்சு. உங்களுக்கு இனிமே கிரெடிட் தேங்க ஆரம்பிக்கும், ரீஃபண்ட் போட்டே ஆகணும். கையில இருக்கற ரீல எல்லாம் எண்ணி வைங்க.” அவர் சொன்னதன் பொருளை எங்கள் தொழிலின் கணக்கில் சொல்கிறேன். மாதம் 10 லட்சம் ரூபாய்க்குப் பேப்பர் வாங்கினால் 1,80,000 ரூபாய் வரி கொடுக்கிறோம். 14 லட்சத்துக்குப் பெட்டி விற்றால் 70,000 ரூபாய் வரிதான் வாங்குகிறோம். மாதந்தோறும் 1,10,000 ரூபாய் அரசிடம் தேங்குகிறது. ஆறு மாதத்தில் ஆறரை லட்சத்துக்கு மேல். மூலப்பொருளுக்கு வரி கூடுதலாகவும் பொருளுக்கு வரி குறைவாகவும் இருக்கும்போது, தேங்கும் தொகையைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கவேண்டும். இயந்திரம் வாங்கிய வரியும், வாடகை, கட்டணம் போன்ற சேவைகளுக்குக் கொடுத்த வரியும் அதில் திரும்ப வராது. மூலப்பொருள் வரி மட்டுமே சூத்திரத்துக்குள் வரும். மெல்லிய லாபத்தில் ஓடும் பட்டறைக்கு இந்தப் பணம்தான் அடுத்த லோடு பேப்பர். எங்கள் வரிசையிலேயே இதைக் கேட்காமல் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய கணக்கர் ஒவ்வொரு மாதமும் தவறாமல் ரிட்டர்ன் போடுகிறார், ஆனால் தேங்கியிருக்கும் தொகையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

விற்பனைப் பணம் வசூலாவதற்கும் அவர் ஒரு வழி சொன்னார். நாங்கள் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு பெற்ற குறு உற்பத்தி நிறுவனம் என்பதைப் பில்லில் அச்சிடச் சொன்னார். குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்காத நிறுவனம், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டு முதல் இருக்கிறது. பதிவு எண் பில்லில் ஏறிய பின், மூன்று மாதம் இழுத்தடித்த ஒரு வாடிக்கையாளர் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் தாமே அழைத்துப் பாக்கியைக் கேட்டுச் செலுத்தினார். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியபோது, எங்களுக்குப் பொருந்தும் மாற்றங்களை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாள் பட்டறைச் சுவரில் இன்றும் ஒட்டியிருக்கிறது.

மாத வேலை இப்படி நடக்கிறது. 5-ஆம் தேதிக்குள் பில்களை நான் படமெடுத்து அனுப்புகிறேன். 7-இல் டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 14-இல் 2பி ஒப்பீடு, 20-இல் வரியைக் கட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி. விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் திட்டத்துக்கு நாங்கள் போகலாம். எங்கள் வாடிக்கையாளர்கள் மாதந்தோறும் உள்ளீட்டு வரவை எதிர்பார்க்கிறவர்கள் என்பதாலும் ரீஃபண்டுக்கு வசதி என்பதாலும் மாதமுறையே நல்லது என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். தாக்கல் ஆனதும் ஒப்புகை நகல் எனக்கு வருகிறது. ஓடிபி என் கைப்பேசிக்கு வருகிறது. எந்தத் தாக்கலுக்கு என்று கேட்ட பிறகே நான் சொல்கிறேன். சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுதோறும் கட்டவேண்டிய தொழில்வரியைக்கூட மறக்காமல் நினைவூட்டுகிறார்கள்.

கணக்குத் தரவு யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் வந்து, கீழ் அலமாரியில் இருந்த எங்கள் பில் கட்டுகள் ஊறிக் கூழாகிவிட்டன. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். பழைய ஆலோசகரிடம் நகல் கேட்டபோது கணினி பழுதாகிவிட்டது என்றார். இப்போது ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் டேலி பேக்அப்பையும் பில் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் கேட்காமலே கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. மூன்றாம் மாடிக்கு மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியாது. ஜூலை, செப்டம்பர் மாதங்களில் தொலைபேசியை எடுக்க ஆள் இருப்பதில்லை. ரிட்டர்ன், தணிக்கை அறிக்கைக் கெடு நெருங்கும் காலம் என்று தெரிந்தாலும், அவசரத்துக்கு அழைத்து மூன்று நாள் காத்திருப்பது வருத்தமாகத்தான் இருக்கிறது. அன்றாட வேலையைச் செய்வது, பட்டயக் கணக்காளர் படிப்பின் பகுதியாக ஆர்டிகிள் பயிற்சி பெறும் மாணவர்கள். அந்தப் பயிற்சி இப்போது இரண்டு ஆண்டுகள்தான் என்பதால், எங்கள் தொழிலைக் கற்றுக்கொண்ட பையன் போய்விட்டுப் புதியவர் வரும்போது, பிளை என்றால் என்ன என்பதிலிருந்து மீண்டும் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் முதல் ரீஃபண்ட் விண்ணப்பத்தில் சேவைகளுக்கான வரியையும் மூலப்பொருள் வரியோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். குறைகூறும் குறிப்போடு அது திரும்பி வந்தது. ஆடிட்டர் அதை மறைக்கவில்லை. தவறு தங்களுடையது என்று சொல்லி, அன்று மாலையே திருத்தி மறுபடி தாக்கல் செய்தார், பணம் வந்தது. ஒன்றரை மாதத் தாமதம் எங்களுக்குச் சிரமம்தான், இருந்தாலும் அந்தக் குறிப்பை என் மின்னஞ்சலில் நானும் பார்த்துவிட்டேன் என்பதை இங்கே சொல்லவேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ வேலைகளை அவர்கள் செய்வதில்லை. அதற்கு வேறொருவரைக் காட்டினார்கள், அவருக்குத் தனிக்கட்டணம்.

கட்டணம் மாதம் 6,500 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும். வருமான வரி ரிட்டர்னுக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் ஆண்டுக்கு 18,000. ரீஃபண்ட் விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 4,000. எதற்கு எவ்வளவு என்று முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வருகிறது. முன்பு கொடுத்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 2,000 ரூபாய் ஆலோசகரால் நான் ஒரே ஆணையில் இழந்த 2,01,600 ரூபாயில் இவருடைய மாதக் கட்டணத்தை இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கலாம்.

எல்லோருக்கும் இந்த அலுவலகம் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஜிஎஸ்டி பதிவு வரம்பான 40 லட்சத்துக்குள் சரக்கு விற்கும் தெருமுனைக் கடைக்கு இவ்வளவு கட்டணம் சுமை. வாரம் ஒருநாள் வந்து டேலி எழுதும் பகுதிநேரக் கணக்கரும், ஆண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போட ஒருவரும் போதும். தினமும் ஐம்பது பில் போடும் மொத்த வியாபாரிக்குக் கடையிலேயே உட்காரும் முழுநேரக் கணக்கர் வேண்டும்; மாம்பலத்திலிருந்து அதைப் பார்க்க முடியாது. மாதச்சந்தா வாங்கிக்கொண்டு இணையத்திலேயே எல்லாவற்றையும் முடித்துத் தரும் சேவைகளை என் தங்கை தன் தையலகத்துக்குப் பயன்படுத்துகிறாள், அவளுக்குக் குறையில்லை. வாங்கும் பொருளுக்கு ஒரு வரி, விற்கும் பொருளுக்கு வேறு வரி என்று இருக்கும் சிறு உற்பத்தியாளர்கள், வங்கிக் கடனில் ஓடுகிறவர்கள், பல ஆண்டுக் கணக்கைச் சீராக்க வேண்டியவர்கள் இப்படிப்பட்ட ஓர் அலுவலகத்தைத் தேடிப் போகலாம்.

போவதென்றால் ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களின் முதல் வாரம் நல்லது. தாக்கல் நெருக்கடி அப்போது குறைவு. பதிவுச் சான்றிதழ், கடைசி மூன்று ஆண்டு ரிட்டர்ன்கள், வங்கி ஸ்டேட்மெண்ட், ஒரு மாதத்துக் கொள்முதல் பில்கள் முழுவதும், இவற்றோடு உங்கள் எண்ணுக்கே ஓடிபி வரும் கைப்பேசியையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த ஒரு மாத பில்களை 2பி அறிக்கையோடு உங்கள் கண்முன் ஒத்துப் பார்த்துக் காட்டும்படி கேளுங்கள். மேற்கு மாம்பலத்தில் அதற்கு அரை மணி நேரம் ஆனது. அந்த முதல் நாளுக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை.